பத்தொன்பதாம் வரி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உறையைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பதினோரு நாளாகப் போன் அடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் எடுத்து, "அவ குளிச்சிட்டிருக்கா" என்கிறான். ஒரு மனுஷி பதினோரு நாளாகவா குளிப்பாள்? அவனுக்குப் பொய் சொல்லவும் வராது, சொன்ன பொய்யை மாற்றவும் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சிப்பில் ஓட்டை இருக்கிறது என்று அறிக்கை எழுதியது நான்தான். எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை அண்ணி. அது இன்சுலின் பம்புக்குள் போகிற சிப். ஓட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்க என்னால் முடியாது. ஆனால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், திரையில் என் பெயரைப் பார்த்துத்தான் உங்களுக்கே தெரிந்தது என்று கேள்விப்பட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும். எங்கள் சோதனை ஆய்வகத்தில் ஒரு விதி. ஓட்டையைக் கண்டுபிடித்தவர், இன்னொருவர் அதைத் திரும்பச் செய்து காட்டும்வரை, சிப்பை வடிவமைத்தவரோடு பேசக் கூடாது. நான் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அண்ணன் போனில், "உங்களுக்குள்ள அப்படி என்னதான்டி சண்டை?" என்று கேட்டான். அவனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். சிப்புக்குள் நிறைய அறைகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே நடைவழி. போனோடு பேசுகிற ரேடியோ ஓர் அறை. எவ்வளவு மருந்து போக வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்வது இன்னோர் அறை. நடையில் ஒரு காவலாளி. யார் எந்த அறைக்குள் போகலாம் என்கிற அட்டவணை அவன் கையில் இருக்கிறது. அண்ணி எழுதியது அந்த அட்டவணையைத்தான். ரேடியோ மருந்து அறைக்குள் போகக் கூடாது என்று சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் பத்தொன்பதாம் வரியில், அறைக்கு அறை தகவல் தூக்கிப் போகிற பியூனை எங்கு வேண்டுமானாலும் போக விட்டிருக்கிறது. ரேடியோ என்ன செய்யும்? "இதைக் கொண்டுபோய் அங்க வச்சிட்டு வாப்பா" என்று பியூனை அனுப்பும். காவலாளி பியூனின் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறப்பான். அனுப்பியது யார் என்று கேட்க மாட்டான். தெருவில் நிற்கிற யாரோ ஒருவன், ரேடியோ வழியாக உள்ளே பேசி, மருந்தின் அளவையே மாற்றிவிடலாம். இவ்வளவுதான்டா அண்ணா சண்டை.

இரண்டு வரியாவது எழுதுங்கள் அண்ணி. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 14

வாலு,

கிழிக்கவில்லை. உன் அண்ணன் முதலில் பிரித்து, சிவப்புப் பேனாவால் மூன்று பிழை திருத்திய பிறகுதான் என் கைக்கே வந்தது. நாளெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற மனுஷர், வீடு தேடி வந்த கடிதத்தைச் சும்மா விடுவாரா?

திட்டச் சொன்னாய் அல்லவா, வாங்கிக்கொள். விதியாம் விதி! நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினாறு வயது. என் லேப்டாப்பை அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டு, "அண்ணி, திரும்ப மாட்டத் தெரியல" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நின்றாய். அன்றைக்கு உன் அப்பாவிடம் உன்னைக் காட்டிக் கொடுத்தேனா? இரவோடு இரவாக நானே மாட்டி வைத்தேன். நீ என்னை ஊரே பார்க்கத் திரையில் போட்டுவிட்டாய். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எடுக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். என் கெட்ட பழக்கம் உனக்குத் தெரியாததா? காலையில் மேசைக்குப் போனதும் அன்றைக்குச் செய்யப் போகிற வேலைக்கெல்லாம் டிக் போட்டுவிடுவேன். டிக் போட்டுவிட்டால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே ஒரு கெடு. ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள் என்று பத்தொன்பதாம் வரியை ஒரு வாரத்துக்குத் திறந்துவிட்டேன். மூட வேண்டிய நாள் காலையில், வழக்கம்போல "மூடியாச்சு" என்று டிக். பதினோரு மணிக்கு வேறொரு சிப் சூடாகிறது என்று கூப்பிட்டார்கள், ஓடினேன். வரியை மூடவில்லை. சரிபார்த்தவர் டிக்கைப் பார்த்தார், வரியைப் பார்க்கவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. ஆறு மாதமாக உன் அண்ணன் இடுப்பில் இருந்தது அந்தப் பம்புதான். வெள்ளோட்டத்துக்கு எடுத்த இருநூறு பேரில் அவரும் ஒருவர். பெயர் இல்லாமல் எண் மட்டும் என்பதால் உன் கண்ணில் படவில்லை. "வாலுகிட்ட மூச்சு விடாத, தினம் போன் போட்டு சுகர் எவ்வளவு சுகர் எவ்வளவுன்னு உயிரை எடுப்பா" என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். உன் அறிக்கை வந்த அன்றே இருநூறு பேரையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அவரும் கழற்றிவிட்டார், பழையபடி ஊசி.

என்னை வேலையிலிருந்து ஒதுக்கி வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். அது போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு என்னிடம் சொல்ல வேண்டியது அவ்வளவுதானா? வேறு எதுவும் இல்லையா?

அண்ணி

*

பிப்ரவரி 19

அண்ணி,

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருப்பீர்களா! என்னிடம் ஆறு மாதம் மறைத்திருக்கிறீர்கள். அந்த ஓட்டை வழியாக எண்பது தடவையாவது நான் உள்ளே போயிருப்பேன், சோதனை மேசையில் இருந்த பம்பில். ஒவ்வொரு தடவையும் மோட்டார் "டிக் டிக்" என்று கூடுதலாகச் சுற்றுவதைப் பார்த்து, "ஆகா, மாட்டிச்சு!" என்று குதித்தேன். அதே மாதிரி ஒன்று அப்போது அண்ணன் இடுப்பில் இருந்திருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் அவன் பஸ் நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவனுக்குப் பதினைந்து வயது. அன்று காலை ஊசி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சட்டையெல்லாம் வேர்வை, பல் கட்டிக்கொண்டது. என் பையில் இருந்த மிட்டாயைக் கடித்துத் தூளாக்கி, அவன் கன்னத்துக்குள் திணித்தேன். கொஞ்சம் அதிகமானால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் அறிக்கையில் எழுதிக் காட்ட வேண்டாம்.

இனிமேல் அழ மாட்டேன், வேலையைச் சொல்கிறேன். பம்புகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்கிறார்கள். அட்டவணை சிப்பிலேயே அச்சடித்துப் போனது அல்ல, பூட்டு விழும்வரை திருத்தலாம். பம்புக்கு உயிர் வந்ததும் ஓடுகிற முதல் நிரலை மாற்றி எழுதுகிறார்கள். அது முதலில் பத்தொன்பதாம் வரியை மூடும், பிறகு அட்டவணையைப் பூட்டும், அதற்குப் பிறகுதான் ரேடியோவை எழுப்பும். அதை உடைக்க முடிகிறதா என்று பார்க்கிற வேலை என்னிடம் வந்திருக்கிறது. உங்கள் மாமியார் பெற்ற பெண் எவ்வளவு மோசமானவள் என்று அந்த நிரலுக்குக் காட்டுகிறேன்.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன் அண்ணி. இப்போது முடியவில்லை.

வாலு

*

பிப்ரவரி 27

வாலு,

உன் அண்ணன் செய்தி. செவ்வாய்க்கிழமை அச்சகத்தில் விழுந்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே மேசை முனையில். நெற்றியில் நான்கு தையல். பயப்படாதே, நன்றாகத்தான் இருக்கிறார். தையல் போட்ட டாக்டரிடம், "உங்க சீட்டுல மருந்து பேர் தப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பம்பு இருந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. இப்போது சுகர் காலையில் நானூறு, மதியம் அறுபது. எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். "அந்தப் பெட்டியைக் குடு, நான் மாட்டிக்கறேன். எவன் வந்து என்னைக் கொல்லப் போறான்? நான் என்ன மந்திரியா?" என்று நேற்று என்னிடம் சண்டை. நான் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் செய்த பொருளை நானே புருஷனுக்குக் கொடுக்காமல் ஒளித்து வைக்கிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிறது. மூன்று தடவை அலமாரி அடுக்கிவிட்டேன். சீக்கிரம் சொல். அவசரப்பட்டும் சொல்லாதே. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறேன், என் நிலைமை அப்படி.

அண்ணி

*

மார்ச் 8

அண்ணி,

நல்ல செய்தி எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். இல்லை.

நாலாயிரம் தடவை பம்பை அணைத்து எழுப்பினேன். ஒவ்வொரு தடவையும் ரேடியோ வழியாக மருந்து அறைக்குள் நுழையப் பார்த்தேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு தடவை கதவு மூடியே இருந்தது. மூன்று தடவை உள்ளே போய்விட்டேன். "நாலாயிரத்துக்கு மூணுதானே" என்று பக்கத்து மேசைக்காரர் ஆறுதல் சொன்னார். அந்த மூன்றில் ஒன்று என் அண்ணனாக இருந்தால் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

காரணம் தெரிந்துவிட்டது. பேட்டரி ஒரு கணம் தடுமாறினால் சிப் முதலிலிருந்து தொடங்குகிறது. அட்டவணை பழையபடி திறந்த நிலைக்குப் போய்விடுகிறது. ரேடியோ மட்டும் தூங்குவதே இல்லை, தனி மின்சாரத்தில் விழித்துக்கொண்டிருக்கிறது. புதிய நிரல் ஓடிவந்து வரியை மூடுவதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கதவு திறந்து கிடக்கிறது. அது போதும்.

நிரல் எழுதுகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். சிப்பையே புதிதாகச் செய்ய வேண்டும், பதினெட்டு மாதம் என்கிறார்கள். பதினெட்டு மாதம் அவன் ஊசியில் எப்படி இருப்பான்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அண்ணி. உங்கள் சிப், உங்களுக்குத் தெரியாததா? ஏதாவது சொல்லுங்கள்.

வாலு

*

மார்ச் 11

வாலு,

கூரியர் பையனை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கையேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திற. ரேடியோவை அமுக்கி வைக்கிற கம்பியை அட்டவணையின் பூட்டோடு இணைக்க ஒரு வசதி இருக்கிறது. நான் வைத்ததுதான். "இது யாருக்கும்மா வேணும், இடத்தை அடைக்குது" என்று அன்றைக்கு அத்தனை பேரும் கேலி செய்தார்கள், நான் பிடிவாதமாக வைத்தேன். அதை நிரல் வழியாகச் செய்யாதே, மறந்துபோகும். ஒருமுறை எரித்தால் அழியாத ஃபியூஸ் ஒன்று அதற்கென்றே இருக்கிறது, ஏழாம் எண். அதை எரித்துவிட்டால், பேட்டரி தடுமாறினாலும், செத்துப் பிழைத்தாலும், அட்டவணையில் பூட்டு விழாதவரை ரேடியோவுக்கு மூச்சே வராது. விழித்திருந்த ரேடியோவையும் அந்த நொடியே அமுக்கிவிடும். கேபிள் மாட்டினால் இரண்டு நிமிட வேலை, பம்பைப் பிரிக்கக்கூட வேண்டாம்.

யோசனை என்னுடையது என்று உன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டே செய். ஒளிவுமறைவு வேண்டாம். பிறகு உடைத்துப் பார். என்மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் வைத்து உடை.

அந்தப் பையன் மணியை அடிக்கிறான். போகட்டும்.

அண்ணி

*

மார்ச் 24

அண்ணி! அண்ணி!

உடையவில்லை! இருபதாயிரம் தடவை. பேட்டரியைத் தடுமாற வைத்தேன், சூடாக்கினேன், ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன், ரேடியோவில் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒரு தடவைகூட விடவில்லை. கடைசி எண் திரையில் வந்ததும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். சுத்தம் செய்கிற அக்கா கதவைத் தட்டி, "யாரும்மா, வீட்ல ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றார். "ஒண்ணும் ஆகலக்கா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லி இன்னும் அழுதேன். என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

இனி, தள்ளிப்போட்ட பதிலைச் சொல்கிறேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தாயிற்று, இந்தத் தடவை கிழிக்காமல் அனுப்பிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் வரியை ஒரு வாரம் திறந்துவிடச் சொல்லி ஆய்வகத்திலிருந்து கோரிக்கை அனுப்பியது நான்தான். மருந்து அறையில் சோதனைத் தகவலை வேகமாக நிரப்ப வேண்டியிருந்தது, அவசரம். வாரம் முடிந்ததும் "வேலை முடிந்தது, மூடிவிடுங்கள், மூடியதைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டியதும் நான்தான். மறந்தேபோனேன். பிறகு ஓட்டையைக் கண்டுபிடித்ததும் நான் பெரிய கெட்டிக்காரி என்பதால் அல்ல. அந்த வரி ஒரு காலத்தில் திறந்திருந்தது என்று எனக்குத்தான் தெரியுமே. அறிக்கையில் அதை எழுதவில்லை. முதலில் பயம், வேலை போய்விடுமோ என்று. பிறகு அண்ணன் விஷயம் தெரிந்தது. அதற்குமேல் சொன்னால் என்னைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்களே என்ற பயம். எப்படிப் பார்த்தாலும், பழி முழுவதும் உங்கள் தலையில் விழுந்தபோது நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அண்ணன் பம்பு போட்டிருந்ததையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் திட்டினார். நியாயம்தான். என்னை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறோர் ஆய்வகத்தில் முதலிலிருந்து எல்லாச் சோதனையையும் செய்யச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சரி என்று சொல்லும்வரை அண்ணனுக்கு அலமாரியைத் திறக்காதீர்கள். என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியிருக்கிறது. நீங்கள் இனி என்னோடு பேசாவிட்டாலும், இறங்கினது இறங்கினதுதான்.

வாலு

*

ஏப்ரல் 12

வாலுப் பெண்ணே,

அந்த இன்னோர் ஆய்வகத்தின் முடிவு வியாழக்கிழமை வந்தது. அவர்கள் முப்பதாயிரம் தடவை முட்டிப் பார்த்தார்களாம், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மறுநாள் உன் அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஒரு செவிலியர் கேபிள் மாட்டி ஃபியூஸை எரித்து, பம்பைத் திருப்பிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் நூற்றுப் பதினெட்டு. நேற்று நூற்று ஐந்து. முகத்தில் களை வந்துவிட்டது. எனக்கு இரண்டு மாதம் கழித்து நேற்றுத்தான் சோறு ருசித்தது.

திங்கட்கிழமையிலிருந்து என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இனிமேல் டிக் போடுகிற வேலையே எனக்குக் கிடையாது. வரி மூடியிருக்கிறதா என்று இன்னொருவர் தட்டிப் பார்த்துத்தான் போட வேண்டுமாம். போடட்டும், எனக்கு நிம்மதி. உனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள் என்று உன் அண்ணன் சொன்னார்.

நீ எழுதியதைப் படித்தேன். உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஆனால் அதிர்ச்சியில் இல்லை. கோரிக்கை அனுப்பியது நீ என்று எனக்கு முதல் நாளே தெரியும். அந்தத் தாளில் உன் ஊழியர் எண் இருந்தது. கூட்டத்தில், "யார் திறக்கச் சொன்னது?" என்று கேட்டார்கள். "ஆய்வகம் கேட்டது, மூடாதது நான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். தாளைத் தேடி எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

என் கோபம் நடிப்பு என்று நினைத்துவிடாதே. நீயாக வந்து சொல்வாய், நாளைக்குச் சொல்வாய், அடுத்த கடிதத்தில் சொல்வாய் என்று காத்துக் காத்து எரிந்துபோயிருந்தேன். ஒவ்வொரு உறையையும் அதைத் தேடித்தான் பிரித்தேன். சொல்லிவிட்டாய். போதும். தீர்ந்தது.

கூட்டத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். திறந்திருந்தால் என்னோடு சேர்த்து உன்னையும் அன்றைக்கே ஒதுக்கியிருப்பார்கள். வேறு யாராவது வந்து நூறு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த மூன்று தடவையும் கண்ணில் பட்டிருக்காது. உன் அண்ணன் பம்பு போட்டிருந்ததை முதல் கடிதத்திலேயே உனக்குச் சொன்னதும் அதற்குத்தான். மிட்டாயைக் கடித்து அவர் வாயில் போட்டவள் நீ. அவர் உயிரை வேறு யார் கையில் கொடுப்பேன் நான்?

உன் அண்ணி